கரையோரத்து இளம் எழுத்தாளருக்கு

சிறுகதை எழுத விரும்பும் இளைஞர் தொகை நம் நாட்டில் குறைவன்று. எதை எழுதுவதென்று அறியாது மயங்குவோர் தொகைதான் பெரிது. புத்தளம், கற்பிட்டி, உடப்பு, சிலாபம் முதலிய ஊர்களில் மாணவரும் இளம் ஆசிரியரும் எழுதும் கைப்பிரதிகள் சில என் பார்வைக்கு வருவதுண்டு. பலவற்றிற் கதாநாயகன் பெயர் தெரியாத ஒரு நகரத்தில் வாழ்கிறான். பூங்காவிலே காதலியைச் சந்திக்கிறான். இறுதியில் இருமி இருமி இறக்கிறான். அவன் என்ன தொழில் செய்து சோறு உண்டான் என்பது மட்டும் தெரிவதில்லை. எழுதியவரோ கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே வாழ்பவர்!

புனைகதையின் உயிர் மனிதனுடைய உழைப்பில் இருக்கிறது என்பது என் துணிபு. ஒருவன் எவ்வாறு உழைக்கிறான், அவ்வுழைப்பின் பயன் யாரைச் சேர்கிறது என்பவற்றை அறிந்தால், பாத்திரமும் சிக்கலும் தாமே பிறக்கும். உடப்பிலே கரைவலை இழுப்பதைப் பாருங்கள். தோணி வலையை வளைத்து விட்டு வர, இரு கயிறுகளையும் கரையில் நிற்போர் அம்பாப் பாட்டுக்கு இசைய இழுக்கின்றனர். மடி கரையேறியதும் பங்கு பிரிக்கப்படுகிறது. வலைக்கு எவ்வளவு, கைகளுக்கு எவ்வளவு? ஒரு நாவலுக்கு வேண்டிய முரண் அந்தப் பங்கீட்டிலே கிடக்கிறது. சோளகம் வீசும் மாதங்களிற் கடல் கொந்தளித்து வலை ஓய்ந்துவிடும். அப்போது அடுப்பு எவ்வாறு எரிகிறது என்று கேட்டறிந்தவனுக்குக் கதைப் பஞ்சம் இல்லை.

ஆகவே முதல் வேண்டுகோள், அறிந்து எழுதுங்கள் என்பது. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடிக்குச் சென்று உப்பளத் தொழிலாளரின் வாழ்வை நேரில் ஆராய்ந்த பின்னரே ‘கரிப்பு மணிக’ளை எழுதினார். புத்தளத்தார்க்கு அத்தகைய பயணமும் வேண்டியதில்லை. உப்பளம் ஊரிலேயே இருக்கிறது. உப்பு விளைவது வெயிற் காலத்தில். எதிர்பாராத ஒரு மழை பாத்தியில் விளைந்ததைக் கரைத்துவிடும். மாரி மழையிலே உப்பு வாரும் காட்சியை ஒருவர் எழுதினால் அளத்தில் வேலை செய்யும் பெண் சிரிப்பாள். விமர்சகரின் கண்டனத்திலும் அவளுடைய சிரிப்புக்கு அதிகம் அஞ்சுங்கள்.

இரண்டாவது, செவியைத் தீட்டுங்கள். மண்வாசனை என்ற பெயரிற் பத்து வட்டாரச் சொற்களைத் தூவிவிட்டால் மண் மணக்காது. தோப்பில் முகம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988-இல் நூலாக வந்தது. அதிற் பேச்சு அலங்காரமாக நிற்கவில்லை. யார் அதிகாரம் செலுத்துகிறார், யார் அடங்கிப் போகிறார் என்பதை அப்பேச்சே காட்டிவிடுகிறது. 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, அவர்களுட் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்தில் அடைக்கலம் புகுந்தனர். வந்தோர் தமிழும் இருந்தோர் தமிழும் ஒரே கிணற்றடியில் ஒலித்தன. இரக்கமும் உரசலும் கலந்த அந்தக் கிணற்றடியின் சம்பாஷணையைப் பிசகாமல் எழுதுவதற்கு அங்கே வளர்ந்த செவி வேண்டும்.

மூன்றாவது, திருத்துங்கள். எழுதியதை ஒரு மாதம் பெட்டியில் வைத்து, பிறர் எழுத்தைப் படிப்பதுபோற் படியுங்கள். முதற் பக்கத்து இயற்கை வருணனையை எடுத்துவிட்டாற் கதை கெடுகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் கெடாது. முடிவிலுள்ள உபதேசத்தையும் அவ்வாறே சோதியுங்கள். பின்னர், கதை எத்தொழிலைப் பற்றியதோ அத்தொழில் தெரிந்த ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர் முகம் சுளிக்கும் இடமே நீங்கள் திருத்த வேண்டிய இடம்.

இவற்றுக்கெல்லாம் ஒரு குறிப்பேடு போதும். கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி (1807–1860) இலங்கையின் ஊர்களையும் வழக்கங்களையும் பற்றிய செய்திகளைச் சேர்த்து 1834-இல் ‘சிலோன் கசற்றியர்’ என்ற ஆங்கில நூலை வெளியிட்டார். 1859-இற் புலவர் சரிதங்களைத் தொகுத்துத் ‘தமிழ் புளூட்டாக்’ தந்தார். அவர் கதை எழுதியவர் அல்லர். ஆயினும் கேட்டதையும் கண்டதையும் சலியாது குறித்து வைக்கும் பழக்கத்தை அவரிடம் கற்கலாம்.

இதில் அவசரமும் உண்டு. நீர்கொழும்புக்கும் சிலாபத்துக்கும் இடைப்பட்ட கரையில், வீட்டிலே தமிழ் பேசிய மீனவக் குடும்பங்கள் பல கடந்த நூற்றாண்டிற் சிங்களத்துக்கு மாறின. அவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. பாட்டி ஒரு மொழியிலும் பேத்தி இன்னொரு மொழியிலும் பேசிய அவ்வீடுகள் ஒவ்வொன்றும் ஒரு கதை. அதைச் சொல்லக்கூடியோர் முதுமை எய்துகின்றனர். அவர்களிடம் கேட்டு எழுதுவதற்கு வெளியூரிலிருந்து எவரும் வரப் போவதில்லை. கரையோரத்து நண்பர்களே, பூங்காவிலிருந்து எழுந்து உங்கள் கடற்கரைக்கு வாருங்கள்.