மருந்துச்சீட்டோடு வீடு திரும்பிய பிறகு

நம் தோல் தொழில் வட்டாரத்தில் மனநோய்க்கு வைத்தியம் கிடைக்காது என்று எவரும் சொல்ல முடியாது. வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957 முதல் பாகாயத்தில் இயங்குகிறது. கனடாவிலிருந்து வந்த மருத்துவர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் அதற்கு அடித்தளமிட்டார். நோயாளியைத் தனியே பூட்டி வைக்காமல், வீட்டார் ஒருவரையும் உடன் தங்கவைத்துச் சிகிச்சை தருவது அந்த மையத்தின் வழக்கம். அதே காலத்தில் அமிர்தசரஸில் மருத்துவர் வித்யா சாகர் மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் அடித்துக் குடும்பங்களைத் தங்கவைத்தார். உயர்ந்த மதிலும் இரும்புக் கதவுமாக மனநல மருத்துவமனைகள் இருந்த நாளில், குடும்பத்தை உள்ளே அழைத்த முன்னோடிகளில் வேலூரும் ஒன்று.

அங்கே சில வாரம் தங்கித் தேறியவர் ஊர் திரும்புகிறார். அதற்குப் பிறகுதான் சிக்கல். மருத்துவமனையில் டாக்டர், நர்ஸ், சமூகப் பணியாளர், பக்கத்து அறையில் இதே துயரத்தோடு இன்னொரு குடும்பம் என்று ஆள் துணை இருந்தது. ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ வீட்டுக் கதவைச் சாத்தியதும் அந்தத் துணை முழுவதும் அற்றுப்போகிறது.

இந்தப் பகுதியில் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷூவின் மேற்பகுதியான அப்பர் தைக்கும் பெண்களைப் பார்க்காதவர் இருக்க முடியாது. கம்பெனிக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு ஏஜென்ட். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. அப்படித் தைக்கும் ஒரு தாயின் மகனுக்கு மனச்சிதைவு என்று வையுங்கள். அவனை விட்டுவிட்டு அவளால் கம்பெனி வேலைக்குப் போக முடியாது. ஒரு கண் ஊசியில், ஒரு கண் அவன்மேல். மாத்திரையை விழுங்கினானா, நாக்கடியில் ஒதுக்கி வைத்துத் துப்பினானா? ராத்திரி தூங்கினானா? தெருவில் இறங்கினால் பையன்கள் 'மெண்டல்' என்று கத்துவார்களே? டாக்டரைப் பார்க்கும் நாளில் வேலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து பாகாயத்துக்கு இன்னொரு பஸ். அன்றைய கூலி போயிற்று. மற்ற மருந்துகள் கேட்காமல் க்ளோசபின் எழுதிக் கொடுத்திருந்தால், முதல் 18 வாரமும் வாராவாரம் இரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும். இத்தனையும் நடக்கும்போது, பெண்ணுக்கு வரன் பேச வருகிறவர்களிடம் "தம்பிக்குக் கொஞ்சம் நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லி மறைக்கவும் வேண்டும். அந்தத் தாயின் நெஞ்சில் ஓயாமல் அரிக்கும் கேள்வி ஒன்றுதான்: "எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பாங்க?"

இந்தக் கேள்விக்கு எந்த மாத்திரையிலும் பதில் இல்லை. ஊர்தான் பதில் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவர்களும் குடும்பத்தினரும் கூடும் ஓர் அமைப்பு ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என ஊருக்கு ஒன்று வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. மருத்துவர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃபைத் தொடங்கினார். வீடற்ற மனநோயாளிப் பெண்களுக்காக 1993-ல் பான்யன் எழுந்தது. குடும்பத்தினரே சேர்ந்து உருவாக்கிய ஆஷாவும் சென்னையில்தான் இருக்கிறது. பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஆய்வே பதில் சொல்லியிருக்கிறது. காஞ்சிபுரம், கோவா, சதாரா ஆகிய இடங்களில் மனச்சிதைவு உள்ள 282 பேரிடம் நடந்த ஆய்வு 2014-ல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. மருத்துவமனைச் சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடி வந்து உதவியபோது, அன்றாட வாழ்க்கையை நடத்தும் திறன் ஓரளவு கூடியது. பெரிய அற்புதம் என்று சொல்ல முடியாது. ஆனால் தானாகக் குளித்து, கடைக்குப் போய் மீதிச் சில்லறையைச் சரியாக வாங்கி வரும் மகனைப் பெற்றவளுக்கு அந்த 'ஓரளவு' எவ்வளவு பெரிது!

அமைப்பு இருந்தால் முதலில் நடக்கக்கூடியது, இருக்கும் உரிமைகளைத் தெரியப்படுத்துவது. ஷூ கம்பெனியிலும் டேனரியிலும் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டு அட்டை வைத்திருக்கும் தொழிலாளிகளில் எத்தனை பேருக்குத் தெரியும், நீடித்த நோய்களுக்கான கூடுதல் உதவிப் பட்டியலில் மனச்சிதைவும் இருக்கிறது என்று? 2 ஆண்டுகள் தொடர்ந்து வேலை, போதுமான சந்தா நாட்கள் முதலிய தகுதிகள் இருந்தால், ஊதியத்தில் 80 விழுக்காட்டை 2 ஆண்டுகள் வரை பெறலாம். இதை அறியாமல், நோய் முற்றியதும் வேலையை விட்டு நின்றுவிடுகிறவர்கள் கையிலிருக்கும் உரிமையை இழக்கிறார்கள். மனநோயும் இயலாமையில் அடங்கும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. இயலாமைச் சான்று பெற அலையும் குடும்பத்துக்கு, முன்பே அலைந்து பெற்ற குடும்பம்தான் சரியான வழிகாட்டி. வாசலில் அப்பர் தைப்பவர்களுக்கோ இ.எஸ்.ஐ. என்ற பேச்சே இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்து ஆர்டர்கள் ஆட்டம் கண்டபோது, இவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பும் இருக்கவில்லை.

குணம் வேண்டிச் சோளிங்கர் மலைக்கும் தர்காக்களுக்கும் போகிறவர்களைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. தர்கா ஊரான ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் கருகினார்கள். 28 உயிர்கள் போயின. அந்த ஏர்வாடியிலேயே பின்னர் துவாவோடு தவாவும் தரும் மருத்துவ ஏற்பாட்டை அரசு கொண்டுவந்தது. துவா வேண்டுதல், தவா மருந்து என்று உருது பேசும் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் விளக்கத் தேவையில்லை. ஜமாஅத்தும் தேவாலயமும் கோயில் நிர்வாகமும் "வேண்டிக்கொள்ளுங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள்" என்று ஒரே குரலில் சொன்னால் நூறு விழிப்புணர்வுப் பதாகைகளைவிட அது வேலை செய்யும்.

ஒரு நியாயமான அச்சமும் உண்டு. அமைப்பு என்ற பெயரில் இன்னொரு அடைப்பிடம் முளைத்துவிடாதா? 2023-ல் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் இயங்கிய இல்லத்தில் தங்கியிருந்தவர்கள் நடத்தப்பட்ட விதம் பற்றி எழுந்த புகார்களை நாடே பார்த்தது. ஆகவே நாம் கேட்பது ஆட்களைக் கொண்டுபோய் விடும் இல்லங்களை அல்ல. மாலையில் அவரவர் வீட்டுக்குத் திரும்பும் பகல்நேர மையம், அங்கே கூலியோடு கொஞ்சம் வேலை, மாதம் ஒருமுறை குடும்பக் கூட்டம், கணக்கு வழக்கைக் குடும்பத்தினரே பார்க்கும் நிர்வாகம். தங்குமிடம் தேவைப்படும் இடத்தில் பதிவும் ஆய்வும் தளர்வின்றி நடக்க வேண்டும்.

பணம் எங்கிருந்து வரும்? முதற்கடமை அரசுக்கு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சமூகத்திலேயே மறுவாழ்வு வசதிகளை ஏற்படுத்தும் பொறுப்பை அரசின்மேல் வைத்திருக்கிறது. "குடும்பம் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லி அதைத் தாய்மார் தலையில் இறக்கிவைப்பது சட்டத்துக்கும் அறத்துக்கும் முரண். அடுத்த கடமை தோல் தொழிலுக்கு. கழிவுநீரைத் தனித்தனியே சமாளிக்க இயலாத டேனரிகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டின. தனித்தனியே தவிக்கும் குடும்பங்களுக்கும் அதே கூட்டு முயற்சி வேண்டும். 1919-ல் வாணியம்பாடியில் கொடையால் இஸ்லாமியா கல்லூரி எழுந்த மண் இது. கொடை கேட்டு இங்கே எவரும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை.

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆட்சியர்கள் மூவரும் ஏற்றுமதியாளர்களையும் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்களையும் ஒரே மேசையில் உட்காரவைக்க வேண்டும். அந்த மேசையில் குடும்பத்தினருக்கும், நோயிலிருந்து தேறியவர்களுக்கும் நாற்காலி இருக்க வேண்டும். வரும் உலக மனநல நாளான அக்டோபர் 10-க்குள் ஊருக்கு ஒரு பகல்நேர மையமாவது திறக்கப்பட வேண்டும். குடும்பங்களுக்கு நம் வேண்டுகோள்: மறைத்தது போதும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனாஸ் எண் 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம். பிறகு, இதே நோயுள்ள பக்கத்துத் தெரு வீட்டின் கதவைத் தட்டுங்கள்.