ஓசையில்லா ஸ்விட்சு

சிவசமுத்திரத்தில் காவிரி ஈன்ற மின்சாரம் 1902-இல் முதன்முதலாகச் சென்றது பெங்களூருக்கன்று. நம்மவர் திரளாக உழைத்த கோலார் தங்கவயலுக்கே. பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது 1905 ஆகஸ்டில்தான். பின்னர் வீடுகளிலும் விளக்கு வந்தது. உடன் ‘டக்’ என்னும் ஓசையும் வந்தது. அவ்வோசை எதற்கு?

விளக்கை அணைக்கையில் ஸ்விட்சினுள் இரு உலோக முனைகள் பிரிகின்றன. மெல்லப் பிரிந்தால் இடையில் தீப்பொறி நீண்டு முனைகளைக் கருக்கிவிடும். ஆகவே ஒரு ஸ்பிரிங்கை அமைத்து ஒரே துள்ளலில் பிரியச் செய்தனர். நியூகாசில் நகரத்து ஜான் ஹோம்ஸ் 1884-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஓசை அந்த ஸ்பிரிங்கினுடையது.

பின்னிரவில் பணி முடிந்து வீடு திரும்பும் நம் போன்ற இரயில்வேக்காரர்க்கு அவ்வோசை பகை, தொட்டிற்குழந்தை விழித்துக்கொள்ளும். அமெரிக்காவில் இதற்குக் கண்ட உபாயம் பாதரசம். காசு போன்ற வட்டச் சிமிழ். நடுவே பீங்கான் தடுப்பு. தடுப்பின் ஓரத்தில் ஒரு துளை. துளை மேலே நிற்கையில் இருபுறத்துப் பாதரசமும் தனித்தனியே கிடக்கும். பிடியைத் தள்ளினால் சிமிழ் சுழன்று துளை கீழே வரும்; பாதரசம் ஒன்று கலக்கும்; விளக்கு எரியும். பொறி எழுந்தாலும் பாதரசப் பரப்பு தானே புதிதாகிவிடும். ஆதலால் இவை நெடுங்காலம் உழைத்தன. நேராகப் பொருத்த வேண்டும் என்பதொன்றே நிபந்தனை.

மாறுமின்னோட்டம் பரவியபின் பாதரசம் தேவையற்றதாயிற்று. நம் நாட்டில் அவ்வோட்டம் விநாடிக்கு 100 முறை சுழியாகிறது. பொறி தானே அணைகிறது. வெள்ளி முனைகளை மெல்லப் பிரித்தாலும் கேடில்லை.

பாதரசத்தின் கேட்டையோ கொடைக்கானலைக் கேட்டால் சொல்லும். அங்கிருந்த வெப்பமானித் தொழிற்சாலை பாதரசக் கழிவினால் 2001-இல் மூடப்பட்டது. பாதரச ஸ்விட்சுகளை விலக்கச் சொல்லும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியாவும் 2018-இல் ஏற்றது.

பழைய பொருள் வாங்கும் ஆசை நம் இளைஞர்களுக்கு இப்போது மிகுந்திருப்பதால் இதனைக் கூறுகிறோம். அத்தகைய ஸ்விட்சு கைக்கு வந்தால் உடைத்துப் பார்க்கலாகாது. சிமிழ் உடைந்து சிந்திவிட்டால் துடைப்பத்தைத் தொடவேண்டா. துளிகள் சிதறி நச்சாவி பெருகும். பிள்ளைகளை வெளியே அனுப்பிச் சன்னல்களைத் திறந்து, தடித்த அட்டையால் துளிகளை ஒன்றுகூட்டி, மூடியுள்ள புட்டியில் அடைக்கவும். சாக்கடையில் கொட்டலாகாது. வளையல், மோதிரங்களை முன்னதாகக் கழற்றிவிடுக. பொன்னைப் பாதரசம் பற்றிக்கொண்டு வெளுக்கச் செய்யும். தாலியைக் கழற்றச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. வீட்டு ஆடவரே அவ்வேலையைச் செய்யட்டும்.