துத்திப்பட்டுக்கு ஒரு பஸ் விடுங்கள்

மாண்புமிகு புதுச்சேரி முதலமைச்சர் அவர்களுக்கு,



2024 ஜனவரியில் டெல்லி அருண் ஜேட்லி மைதானத்தில் ஒரு ரஞ்சிக் கோப்பை கிரிக்கெட் ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம், கோப்பையை 7 முறை வென்ற டெல்லி. மறுபக்கம், 2018இல்தான் ரஞ்சிக்குள் காலெடுத்து வைத்த நம் புதுச்சேரி. டெல்லி முதல் இன்னிங்ஸில் 148, இரண்டாவதில் 145. கௌரவ் யாதவ் முதல் இன்னிங்ஸில் மட்டும் 7 பேரை வெளியே அனுப்பினார். 9 விக்கெட் வித்தியாசத்தில் நாம் ஜெயித்தோம். அவமானம் தாங்காமல் டெல்லிக்காரர்கள் கேப்டனையே மாற்றினார்கள். அங்கே அவ்வளவு அமளி. இங்கே நேரு வீதியில் அன்று சாயங்காலம் வழக்கம்போலத் துணி வியாபாரம் நடந்தது. டீக்கடையில் கேட்டால், "பாண்டிச்சேரிக்கு டீம் இருக்கா?" என்பார்கள். இன்றும் கேட்டுப் பாருங்கள், அதே பதில்தான்.

டீம் இருக்கிறது ஐயா. மைதானமும் இருக்கிறது. துத்திப்பட்டில், ஊசுட்டேரிப் பக்கம். புதுச்சேரி கிரிக்கெட் சங்கத்தின் சீகெம் மைதானம். பார்த்தவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது, நம்ம ஊரில் இப்படி ஒரு புல்தரையா என்பதைத்தான். 2017இல் கிரிக்கெட் வாரியம் நம்மை இணை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்ட பிறகு ரஞ்சி, இளையோர் ஆட்டங்கள், பெண்கள் ஆட்டங்கள் என்று அங்கே கிரிக்கெட் குறைவில்லாமல் நடக்கிறது. கொரோனா காலத்தில் நாடே கதவடைத்துக் கிடந்தபோது முதலில் பந்து வீசிய இடங்களில் அதுவும் ஒன்று.

ரசிகர்கள் இரண்டாவதாகச் சொல்வது, "தூரம் சார்." அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

டவுனிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர். சென்னைக்காரருக்கு இது தூரமே இல்லை. பெசன்ட் நகரிலிருந்து பெரம்பூர் போவதுபோலத்தான். ஆனால் புதுச்சேரியில் தூரத்தின் அளவே வேறு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கடற்கரையிலிருந்து ராஜா தியேட்டர் போவதையே பயணமாகக் கருதும் ஊர் இது. முத்தியால்பேட்டைப் பையன் மாலை ஆட்டம் பார்க்க வேண்டும் என்றால் யாருடைய ஸ்கூட்டரிலாவது தொற்றிக்கொள்ள வேண்டும். டெம்போ அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டை ஆட்களை நம்பி ஓடும் பஸ், சூப்பர் ஓவர் முடியட்டும் என்று காத்திருக்காது. ஸ்கூட்டர் இல்லாத வீட்டுப் பையன், வயதுக்கு வந்த பெண், பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு வந்த, முட்டி வலிக்காரரான பழைய சொல்தா, இவர்கள் யாருமே ரசிகர் கணக்கில் வராமல் போய்விடுகிறார்கள்.

2025 ஜூலையில் பாண்டிச்சேரி பிரீமியர் லீக் தொடங்கியபோது இந்தத் தூரச் சிக்கல் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. காரைக்கால், மாஹே, ஏனாம், வில்லியனூர், ஊசுடு, ஒயிட் டவுன் என்று ஊர் பெயர் சொல்லி ஆறு அணிகள். மாஹே அரபிக்கடல் ஓரம் இருக்கிறது, ஏனாம் ஆந்திராவில். அந்த ஊர்க்காரர்கள் மொபைலில் பார்த்தால் குறை சொல்ல முடியாது. நம் டவுனிலேயே இருக்கும் ஒயிட் டவுன்காரரும் மொபைலில் பார்த்ததுதான் வேடிக்கை.

ரஞ்சிக்கு எங்கேதான் கூட்டம் வருகிறது என்று அதிகாரிகள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2025 ஜனவரி 30ஆம் தேதி விராட் கோலி டெல்லிக்காக ரஞ்சி ஆட வந்தபோது விடியற்காலையிலிருந்தே அதே அருண் ஜேட்லி மைதான வாசலில் வரிசை நின்றது. தள்ளுமுள்ளில் சிலருக்குக் காயமே பட்டது. கோலி வந்தால் எங்கேயும் கூட்டம் வரும், உண்மைதான். ஆனால் அந்த மைதானம் ஊர் நடுவில், மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்ததால்தான் பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டியபடியே பிள்ளைகளால் வர முடிந்தது. அதே கோலி துத்திப்பட்டுக்கு வந்தால் நம் பிள்ளைகள் எதில் போவார்கள்?

சேப்பாக்கத்தையும் பாருங்கள். நூறு வருடத்துக்கு மேலாகச் சென்னையின் வயிற்றுக்குள் இருக்கும் மைதானம். அனுமதிச் சிக்கலில் ஐ, ஜே, கே காலரிகள் 2012 முதல் வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. 2019 ஐ.பி.எல். இறுதியாட்டமே அதனால் ஹைதராபாத்துக்குப் போனது. ரசிகர்கள் புலம்பிய புலம்பல் கொஞ்சமல்ல. 2023 மார்ச்சில் புதிய காலரி திறந்தார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது அடுத்த வருடம் நடந்ததுதான். சி.எஸ்.கே. ஆட்டத்துக்கு டிக்கெட் வைத்திருந்தால் மாநகரப் பேருந்தில் தனியாக டிக்கெட் எடுக்க வேண்டாம் என்றார்கள். கான்கிரீட்டுக்கு ஆன செலவோடு ஒப்பிட்டால் இது சில்லறைக் காசு. பார்க்க வந்தவனுக்கு மரியாதை கிடைத்தது என்னவோ இதில்தான்.

அமெரிக்காவில் பேஸ்பால் ரசிகர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட வாய்க்காரர்கள். ஒரு மைதானம் திறந்தால் மறுநாளே ரசிகர்கள் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போடுவார்கள். 1962இல் லாஸ் ஏஞ்சலீஸில் டாட்ஜர் ஸ்டேடியம் திறந்தபோது ஆயிரக்கணக்கில் இருக்கை போட்டவர்கள், பார்வையாளர் பக்கம் குடிதண்ணீர்க் குழாய் வைக்க மறந்துவிட்டார்கள். மறந்தார்களா, பீர் விற்கட்டும் என்று விட்டார்களா என்று ஊரே சண்டை போட்டது. (தண்ணீர் கிடைக்காத இடத்தில் வேறு என்ன தாராளமாகக் கிடைக்கும் என்று நம்மூர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.) அட்லாண்டா அணி 2017இல் நகரத்தை விட்டுப் புறநகருக்குப் போனது. புது மைதானத்தில் ஓட்டல், கடை, பளபளப்பு எல்லாம் உண்டு. நகர ரயில் மட்டும் அங்கே போகாது. கார் இல்லாதவர்களின் குறை இன்றைக்கும் அதுதான். பால்டிமோரில் 1992இல் நேர்மாறாகச் செய்தார்கள். ஊருக்குள், பழைய ரயில்வே கிடங்கு ஒன்றை இடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, அதை ஒட்டி மைதானத்தைக் கட்டினார்கள். நீளமான அந்தச் செங்கல் சுவர்தான் இன்று அந்த மைதானத்தின் முகம். ஜனங்கள் நடந்தே வந்தார்கள். அதைப் பார்த்துத்தான் அடுத்தடுத்து பல நகரங்கள் மைதானத்தை மறுபடி ஊருக்குள் கொண்டுவந்தன.

பால்டிமோரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கடலூர் சாலைதான் கண்முன் வருகிறது. 1898இல் தொடங்கிய மில், நம் ஜனங்கள் இன்னும் ரோடியர் மில் என்று சொல்லும் ஏ.எஃப்.டி., 2020 முதல் மூடிக் கிடக்கிறது. எதிரே திடல். பொருட்காட்சி போடுவோம், கட்சி மாநாடு நடத்துவோம், பஸ் ஸ்டாண்டில் வேலை நடந்தால் பஸ்களை அங்கே கொண்டுபோய் நிறுத்துவோம். ஒரு பஸ் ஸ்டாண்டையே தாங்கிய இடத்துக்கு ஜனங்கள் எப்படிப் போய்ச் சேருவார்கள் என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. அங்கேதான் மைதானம் கட்ட வேண்டும் என்று நான் அடம் பிடிக்கவில்லை. மில் தொழிலாளர் குடும்பங்களின் பாக்கியும் வருத்தமும் அந்த மண்ணில் இருக்கின்றன, முதலில் தீர்க்க வேண்டியது அதுதான். ஆனால் அடுத்து எந்த மைதானத்துக்குக் கல் நாட்டினாலும், நடந்து வருகிறவனையும் பஸ்ஸில் வருகிறவனையும் மனதில் வைத்து இடம் பாருங்கள் என்கிறேன். இல்லாவிட்டால் விருந்து சமைத்துவிட்டுத் தெருக்கதவைத் தாழிட்ட கதையாகிவிடும்.

உப்பளம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. இந்திரா காந்தி மைதானமும் ராஜீவ் காந்தி உள்விளையாட்டு அரங்கமும் டவுனை ஒட்டியே இருக்கின்றன. சைக்கிளில் போய்விடலாம். அங்கே வெயிலில் உட்கார்ந்து பார்ப்பவனுக்கு வேண்டியது நிழல், தண்ணீர், பெண்கள் தயங்காமல் போகக்கூடிய கழிப்பறை, அவ்வளவுதான். மே மாதம் மதியம் இரண்டு மணிக்குச் சிமென்ட் படியில் பேப்பரை நான்காக மடித்துப் போட்டு உட்கார்ந்தாலும் சூடு ஏறும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று, பேப்பரைத் திருப்பிப் போட்டு மறுபடி உட்கார வேண்டும். திறப்பு விழா மேடைக்குப் போடுகிற பந்தலில் பாதி அளவு காலரிக்குக் கிடைத்தால் போதும்.

லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பாதுகாப்பு வண்டிகள் இல்லாமல் போய்ப் பாருங்கள். ஒரே திடலில் பக்கத்துப் பக்கத்தில் எத்தனை ஆட்டம்! ஒரு ஆட்டத்தின் மிட்விக்கெட் இன்னொரு ஆட்டத்தின் ஸ்லிப்பில் நிற்பான். செங்கல்தான் ஸ்டம்ப். எந்தப் பந்து யாருடையது என்பதில் மட்டும் சண்டையே வராது. ரஞ்சி விதிப்படி வெளிமாநிலத்திலிருந்து தொழில்முறை ஆட்டக்காரர்களை அழைத்து வரலாம். அபிஷேக் நாயர், பங்கஜ் சிங், வினய் குமார், பராஸ் டோக்ரா எல்லோரும் நமக்காக ஆடியிருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. ஆனால் இந்த ஹெலிபேட் பையன், உண்மையான பந்தோடு உண்மையான பந்துவீச்சாளர் ஓடி வருவதை எல்லைக்கோட்டருகே நின்று ஒருநாளாவது பார்த்தால்தானே, நாமும் அங்கே போய் நிற்கலாம் என்று அவனுக்குத் தோன்றும்? டிவியில் தெரியாத ஒன்று அதில் இருக்கிறது. வேகம். மட்டையில் பட்ட சத்தம் கேட்டுத் தலையைத் திருப்புவதற்குள் பந்து பாதி தூரம் வந்துவிடும்.

துத்திப்பட்டு மைதானம் சங்கத்துடையது, அரசு தலையிட முடியாது என்று கோப்பில் குறிப்பு எழுதுவார்கள். மைதானம் சங்கத்துடையதாகவே இருக்கட்டும். போகிற சாலை யாருடையது? புதுச்சேரி சாலைப் போக்குவரத்துக் கழகமான பி.ஆர்.டி.சி.யின் பஸ் யாருடையது?

ஆகையால் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. புதுச்சேரி அணி துத்திப்பட்டில் ஆடும் நாட்களிலும் அடுத்த பிரீமியர் லீக் நடக்கும் நாட்களிலும் புதிய பஸ் நிலையத்திலிருந்து மைதான வாசலுக்கு பி.ஆர்.டி.சி. சிறப்பு பஸ் விட உத்தரவிடுங்கள். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. கடைசி பஸ், ஆட்டம் முடிந்து அரை மணி கழித்துத்தான் கிளம்ப வேண்டும். அரசுப் பள்ளி அடையாள அட்டை காட்டும் பிள்ளைகளிடம் காசு வாங்க வேண்டாம். நேரத்தை ஒரு பலகையில் தமிழில் எழுதி பஸ் நிலையத்தில் மாட்டச் சொல்லுங்கள். ரஞ்சி அட்டவணை மாதக்கணக்கு முன்னதாகவே வெளியாகிவிடும், போக்குவரத்துத் துறைக்கு ஏற்பாடு செய்ய அந்த அவகாசம் தாராளமாகப் போதும்.

இப்படிக்கு,
முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு கிரிக்கெட் ரசிகன்