கை தங்கும் இடத்தில் கியர்

சைக்கிளின் கியர் லிவர் எங்கே இருக்க வேண்டும் என்பதை அழகோ பழக்கமோ அல்ல, ஓட்டுபவரின் கை தங்கும் இடம்தான் தீர்மானிக்க வேண்டும். மொன்ட்ரியலின் செயின்ட்-மிஷேல் போன்ற பகுதியில் சிக்னலுக்குச் சிக்னல் நிற்க வேண்டும், கியரைக் குறைத்து மறுபடி கிளம்ப வேண்டும். பழைய பந்தய சைக்கிள்களில் லிவர் சட்டத்தின் சாய்ந்த குழாயில் இருக்கிறது. அதைத் தொட ஒரு கை பிரேக்கை விட்டாக வேண்டும். பனிக்காலம் பெயர்த்துப்போட்ட குழி எதிரே வரும்போது அந்த ஒரு நொடி பெரிது. கேபிள் குட்டை, பழுது குறைவு என்று சாய்ந்த குழாய் லிவரை ஆதரிப்பவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த லாபம் ஆளரவமற்ற நெடுஞ்சாலைக்கு, நெரிசலான தெருவுக்கு அல்ல.

நேரான ஹேண்டில்பாருக்குப் பெருவிரல் லிவர் போதும். தடித்த கையுறையில் அது தட்டுப்படாதவருக்கு, பிக்ஸி வாடகை சைக்கிளில் உள்ளதுபோல் கைப்பிடியோடு திருகும் கியர் மேல். பெருவிரல் லிவரை வளைந்த ஹேண்டில்பாரில் மாட்ட நினைப்பவர்கள் முதலில் அளவைப் பார்க்கட்டும்: நேரானதில் பிடிக்கும் இடம் பொதுவாக 22.2 மி.மீ., வளைந்ததில் 23.8 மி.மீ. லிவரின் வளையம் ஏறாது. வளைந்ததற்கு ஏற்றது பிரேக்கோடு சேர்ந்த லிவர். அதற்கு விலை அதிகம் என்பது நியாயமான தயக்கம். அப்படித் தயங்குபவர்களுக்கு ஹேண்டில்பாரின் முனையில் செருகும் லிவர் இருக்கிறது. கீழ் வளைவைப் பிடித்திருந்தால் உள்ளங்கை பிடியை விடாமலே கியர் மாறும்.