சின்ன பேட்டரி

டொராண்டோவில் ஜனவரி மாத விடியற்காலை. ஊருக்குத் திரும்பும் அம்மாவை ஏர்போர்ட்டில் விடணும். ஹைபிரிட் காரில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

"அவ்வளவு பெரிய பேட்டரி இருக்குன்னியேடா?" என்றார் அம்மா.

இருக்கிறது. ஆனால் அதைக் காரோடு இணைத்துவிடும் கம்ப்யூட்டரும் ரிலேவும் இயங்குவது 12 வோல்ட் சின்ன பேட்டரியில்தான். அது படுத்தால் எல்லாமே படுத்துவிடும். டாக்சியில்தான் அம்மாவைக் கொண்டுபோய் விட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால், அந்தப் பேட்டரி இருப்பது டிக்கிக்குள். கரண்ட் இல்லாமல் டிக்கியும் திறக்கவில்லை! பானெட்டுக்குள் இருந்த ஜம்ப் முனையில் கரண்ட் கொடுத்துத் திறந்தேன். பழசைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில். புதுசை மாட்டும்போது கடைசியில். காருக்குள் இருப்பதால், வாயுக்குழாய் பொருத்தும் ஏஜிஎம் வகையே வேண்டும்.

உங்கள் பேட்டரிக்கு நாலைந்து வயசாகிவிட்டதா? குளிர் வருமுன் சோதித்துவிடுங்கள், ஓய்வில் 12.6 வோல்ட் பக்கம் காட்டணும்.

மறுநாள் அம்மா போனில் கேட்டார்: "சின்னது முழிச்சுக்கிச்சா?"