"கொஞ்சம் மாதானே ஐயா!"

கடந்த மாதம் பதுளையில் என் தங்கையின் பேத்திக்குப் பத்தாவது பிறந்தநாள். ரொறன்ரோவில் பிறந்த பிள்ளை. அவளுக்குச் சீலியாக் நோய். கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைச் சிதைத்துவிடும். வாழ்நாள் முழுவதும் அதைத் தவிர்ப்பதே மருந்து.

உணவகம் ஒன்றில் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம். போய் அமர்ந்தால், கோழியில் சோயா சோஸ், அதிலும் கோதுமை. இடியப்பத்திலும் கோதுமை மா கலந்திருந்தது. "கொஞ்சம் மாதானே ஐயா, ஒன்றும் செய்யாது" என்றார் முதலாளி. உடன் வந்த உறவினர் சிரித்தார்: "இதெல்லாம் வெளிநாட்டு வருத்தம் அண்ணே. தோட்டத்துல நாம ரொட்டி தின்னுதானே வளந்தோம்?" பிள்ளை வெறும் சோறும் பருப்பும் உண்டு பிறந்தநாளை முடித்தாள்.

அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பதில்.

ரொட்டி நமது மரபுணவு அன்று. நமது முன்னோர் சோறும் கேழ்வரகும் உண்டவர்கள். ஊவாவின் சேனைகளில் விளைந்ததும் அதே கேழ்வரகான குரக்கன்தான். இரண்டிலும் குளூட்டன் இல்லை. இலங்கைக்கோ கோதுமை கப்பலில் வருகிறது. மலிவு விலை மாவும், விடியுமுன் கொழுந்துக்கு ஓடும் அவசரமுமே ரொட்டியை லயத்துக்குள் கொண்டுவந்தன. 2022 ஜனவரியில் அரசு தோட்டக் குடும்பங்களுக்கு அறிவித்த நிவாரணம் என்ன? கிலோ 80 ரூபாய்க்கு மாதம் 15 கிலோ கோதுமை மா! தோட்டத்தான் என்றால் மா என்றே கொழும்பு முடிவுகட்டியிருக்கிறது.

வெளிநாட்டு வருத்தமாம்! உலகில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. அதைக் கண்டறிய இரத்தப் பரிசோதனையும் குடல் திசுப் பரிசோதனையும் வேண்டும். லயத்துப் பிள்ளை மெலிந்தால் கிடைப்பது பூச்சி மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும். 2016ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் 32 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அது 17 சதவீதம். இதற்குக் கோதுமையே காரணம் என்று நான் கூறவில்லை. வறுமைதான் முதற்காரணம். ஆனால், வறுமை என்று சொல்லிவிட்டு நோயைத் தேடாமல் இருப்பது நியாயமா?

சீலியாக் குடும்பவழி வரும் நோய். எங்கள் தாயார் ஆயுள் முழுவதும் இரத்தசோகையோடும் ஓயாத வயிற்றுப்போக்கோடும் கொழுந்து பறித்தார். மூன்று வேளையும் ரொட்டிதான். என்ன நோய் என்று எவரும் கேட்கவில்லை. கொள்ளுப்பேத்தியின் நோய்க்குப் பெயர் இருக்கிறது; ரொறன்ரோவில் பிறந்ததால் இருக்கிறது.

நிவாரணம் கொடுப்பவர்களே, மாவோடு அரிசியையும் குரக்கனையும் வையுங்கள். எதை எடுப்பது என்பதை எங்கள் பெண்கள் தீர்மானிக்கட்டும். மாத்திரைக்கும் தேறாத பிள்ளையைப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிச் சோதியுங்கள். இது ஆடம்பரம் என்று சிரிப்பவர்கள், ஒருமுறை தங்கள் தாயை நினைத்துப் பார்க்கட்டும்.