டிவி கொடுத்தார்கள், ஓட்டு விழவில்லை

புதுக்கோட்டை மாவட்டக் குன்றாண்டார்கோவில் ஒன்றியத்து ஊர்களில் இன்னமும் சில வீட்டுப் பரண்களில் 14 அங்குலக் கலர் டிவி ஒன்று தூசி படிந்து கிடக்கும். 2006 தேர்தல் வாக்குறுதிப்படி திமுக அரசு இலவசமாகக் கொடுத்தது. மாநிலம் முழுக்க ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள். அன்றைக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் ஒரே கணக்கைத்தான் போட்டார்கள்: பெட்டியும் அவங்க கொடுத்தது, அதுல ஓடுற சானலும் அவங்க சொந்தக்காரங்களுது, வீட்டுக்கு வர்ற கேபிளும் அவங்க கையில, இனிமே இவங்களை யாரு அசைக்க முடியும்?

2011-ல் திமுக 23 இடங்களில் வென்றது. எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலிகூட 29 இடம் பிடித்த விஜயகாந்துக்குப் போனது. சன் டிவி இருந்தது, கலைஞர் டிவி இருந்தது, தினகரன் இருந்தது. மோட்டார் ஓடவில்லை என்று கடலைக் கொல்லையில் நின்ற விவசாயிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை. வீட்டில் டிவி இருந்தது. பார்க்கத்தான் கரண்ட் இல்லை.

இதைக் கண்ணால் பார்த்த பிறகும், "மீடியா நினைச்சா யாரை வேணும்னாலும் ஏத்தும், யாரை வேணும்னாலும் இறக்கும்" என்ற பேச்சு மட்டும் ஓயவில்லை. படித்தவர்கள் அதையே கொஞ்சம் கனமான சொற்களில் சொல்கிறார்கள். சொல்கிற தொனியில் ஒரு கசப்பு இருப்பதால் அது ஊடக முதலாளிகள் மீதான விமர்சனம் போலத் தோன்றும். உண்மையில் அந்த முதலாளிகளுக்கு அதைவிடச் சிறந்த விளம்பரம் கிடையாது. பைசா செலவில்லாமல் ஊரே சேர்ந்து அவர்களுக்குச் செய்துகொடுக்கிறது.

கட்சிச் சானல்களின் வரலாற்றைப் புரட்டினாலே போதும். விஜயகாந்தின் தேமுதிக, கையில் ஒரு சானலும் இல்லாத 2006-ல் தனித்து நின்று எட்டு சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கியது. 2010-ல் கேப்டன் டிவி வந்தது. அடுத்த ஆண்டு அதிமுக கூட்டணியில் ஏற்றம். 2016-ல் உளுந்தூர்பேட்டையில் விஜயகாந்த் டெபாசிட்டையே இழந்தார். பாமகவினரின் மக்கள் தொலைக்காட்சி 2006-ல் தொடங்கியது. நல்ல தமிழில் பேசிய சானல் என்று எதிர்க்கட்சிக்காரர்களும் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு வாக்காக மாறவில்லை. 2016-ல் கட்சிக்கு ஓரிடமும் இல்லை. கமல்ஹாசன் 2017 முதல் பிக்பாஸ் மேடையில் வாராவாரம் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்துபோனார். இந்தியாவில் வேறெந்தக் கட்சித் தலைவருக்கும் வாய்க்காத பிரைம் டைம் அது. 2021-ல் கோவை தெற்கில் 1,728 வாக்கில் தோற்றார்; கட்சிக்குக் கிடைத்தது பூஜ்யம்.

அதே 2021-ல், குன்றாண்டார்கோவில் ஒன்றியத்து ஊர்களை உள்ளடக்கிய கந்தர்வகோட்டைத் தொகுதியில் வென்றவர் மார்க்சிஸ்ட் கட்சியின் எம்.சின்னதுரை. அவருடைய கட்சியிடம் இருப்பது தீக்கதிர் என்ற ஒரு நாளிதழ். அது எத்தனை வீடுகளுக்குப் போகிறது என்பது தோழர்களுக்கே தெரியும். திமுக கூட்டணியின் வாக்கு இல்லாமல் அந்த வெற்றி இல்லைதான். சொல்ல வந்ததும் அதையே: கூட்டணி எண்ணிக்கைக்கு முன்னால் சானல் எண்ணிக்கை நிற்பதில்லை.

அச்சுக் காலத்துக்குப் போனால் கதை இன்னும் விறுவிறுப்பு. நெருக்கடி நிலையை எதிர்த்து நின்ற பத்திரிகை முதலாளி என்றால் ராம்நாத் கோயங்காவின் பெயர்தான் முதலில் வரும். சென்னையில் வளர்ந்த இந்தியன் எக்ஸ்பிரஸ், தமிழில் தினமணி. 1977 மார்ச்சில் வடக்கு முழுக்க இந்திரா காந்தியைத் தூக்கி எறிந்தது. தினமணி படித்த தமிழ்நாடு? 39 மக்களவைத் தொகுதிகளில் 34-ஐ அதிமுக–காங்கிரஸ் அணிக்குக் கொடுத்தது. பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே கதை. போஃபர்ஸ் ஆவணங்களைச் சித்ரா சுப்ரமணியமும் என்.ராமும் வெளியிட்டது சென்னை மவுண்ட் ரோட்டின் தி இந்துவில். அந்த ஊழல் பேச்சு டெல்லியில் ராஜீவ் காந்தியின் ஆட்சியை அசைத்தது என்பார்கள். தி இந்துவின் சொந்த மாநிலம் 1989-ல் காங்கிரஸ்–அதிமுக அணிக்கு 39-ல் 38 கொடுத்து அனுப்பியது.

தமிழில் பாமரரும் எழுத்துக்கூட்டிப் படித்த தினத்தந்தியை 1942-ல் தொடங்கிய சி.பா.ஆதித்தனாரை எடுத்துக்கொள்ளலாம். அவர் அளவுக்கு வாசகர்களை வைத்திருந்த அரசியல்வாதி அன்று இல்லை. 1958-ல் நாம் தமிழர் இயக்கம் கண்டார். பத்திரிகை பெருகியது, இயக்கம் பெருகவில்லை. 1967-ல் திமுகவோடு சேர்ந்த பிறகுதான் சபாநாயகர், 1969-ல் கருணாநிதி அமைச்சரவையில் அமைச்சர்.

"அப்ப 1996?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஜெயலலிதா பர்கூரில் தோற்றார், கட்சிக்கு நாலே இடம். சன் டிவிதான் கவிழ்த்தது என்பது அன்று முதல் வேத வாக்கு. 1993-ல் பிறந்த சன் அன்று நகரத்துக் கேபிள் சானல். புதுக்கோட்டைச் சீமையின் பெரும்பாலான ஊர்களில் ஆண்டெனாவும் தூர்தர்ஷனும்தான். வளர்ப்பு மகன் திருமண ஆடம்பரத்தைப் பற்றிப் பேச ஊருக்குச் சானல் தேவைப்படவில்லை. மூப்பனார் காங்கிரஸை உடைத்துக்கொண்டு தமாகாவோடு வந்ததையும் ரஜினியின் குரலையும் கழித்துவிட்டு சன் டிவியை மட்டும் மிச்சம் வைப்பது என்ன கணக்கு?

அந்த டிசம்பரில்தான் உண்மையான சோதனை நடந்தது. ஜெயலலிதாவின் போயஸ் தோட்டத்து வீட்டுச் சோதனையில் எடுத்த நகைகள், பட்டுப்புடவைகள், அடுக்கடுக்காகச் செருப்புகள். கேமரா நிதானமாக நகர்ந்து ஒவ்வொன்றாகக் காட்டியது. நாள் கணக்கில் திரும்பத் திரும்ப ஓடியது. ஒரு அரசியல்வாதியின் அலமாரியை இவ்வளவு நெருக்கத்தில் அதற்கு முன் தமிழ்நாடு பார்த்ததில்லை. அவர் கதை முடிந்தது என்றே பலரும் எழுதினார்கள். ஐந்தாவது ஆண்டு, 2001 மே மாதம், அதிமுக மட்டுமே 132 இடம், கூட்டணிக்கு 196. அதற்குள் சன் பட்டிதொட்டியெல்லாம் பரவியிருந்தது. அவதூறும் சரி, நிஜமான ஊழல் காட்சியும் சரி, பார்க்கிறவர் வாயைப் பிளந்து பார்ப்பார். ஓட்டை அவர் தனியாக வைத்திருப்பார்.

வெளியுலகமும் வேறு மாதிரி இல்லை. இத்தாலியில் பெர்லுஸ்கோனி மூன்று தேசியச் சானல்களைச் சொந்தமாக வைத்துக்கொண்டே 1996-லும் 2006-லும் தோற்றார். பிரிட்டனில் 1992 தேர்தலை வென்று கொடுத்தது தாங்கள்தான் என்று ரூபர்ட் மர்டாக்கின் சன் நாளேடு முதல் பக்கத்தில் மார்தட்டியது. இருபது ஆண்டு கழித்து லெவிசன் விசாரணையில், அந்தத் தலைப்பு தவறு என்றும் அதற்காக ஆசிரியரைக் கடிந்துகொண்டதாகவும் மர்டாக்கே சொன்னார். ஆனால் இடைப்பட்ட காலத்தில் அந்தத் தலைப்பை மனப்பாடம் செய்துகொண்டவர்கள் இருந்தார்கள். 1995-ல் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த டோனி பிளேர், மர்டாக் நிறுவனக் கூட்டத்தில் பேசுவதற்காக ஆஸ்திரேலியாவின் ஹேமன் தீவுவரை பறந்து போனார். வாக்காளர் பயப்படவில்லை; தலைவர் பயந்தார்.

அந்தப் பயம்தான் ஊடக முதலாளியின் முதல். நம்மூர் ஆட்சியாளர்களுக்கும் அதற்குக் குறைவில்லை. 1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.வையும் மந்திரியையும் கிண்டல் செய்து ஒரு ஜோக். அதற்காக ஆசிரியர் பாலசுப்ரமணியனைச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியது. 2003-ல் தி இந்து ஆசிரியர் குழுவினரைப் பிடிக்கப் போலீஸ் மவுண்ட் ரோடு அலுவலகத்துக்குள் நுழைந்தது. ஒரு ஜோக்கால் ஆட்சி போய்விடும் என்று நினைப்பவர்கள், ஒரு சானல் முதலாளி எதைக் கேட்டாலும் மறுக்கவா போகிறார்கள்?

இந்தப் பயத்தைக் காசாக்கும் வித்தையைச் சென்னையில் முழுதாகச் செய்து காட்டியவர் சி.என்.லட்சுமிகாந்தன். 1940-களில் சினிமா தூது, அது முடக்கப்பட்டதும் இந்து நேசன். நடிகர் நடிகைகளின் படுக்கையறைச் சேதிகள் அச்சாகும். அச்சாகாமல் இருக்கக் காசு கைமாறும் என்பது அன்று ஊரறிந்த பேச்சு. அச்சான செய்தியால் பத்திரிகை விற்றது. அச்சாகாத செய்தியால் வருமானம் வந்தது. 1944 நவம்பரில் வேப்பேரியில் அவர் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அந்தக் கொலை வழக்கில் நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் ஆயுள் தண்டனை பெற்று, பிரிவி கவுன்சில் வரை போய், 1947-ல்தான் விடுதலையானார்கள். கலைவாணர் மீண்டு எழுந்தார். ஹரிதாஸ் ஓடிக்கொண்டிருந்தபோதே சிறைக்குப் போன பாகவதரின் பழைய திரைப் புகழ் திரும்பவே இல்லை. ஆளும் வர்க்கத்தில் ஒரு நாற்காலிகூட ஆடவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இப்போது கேபிள் காலத்துக்கு வரலாம். அனலாக் நாட்களில் ஒரு சானல் எந்த எண்ணில் வருகிறது என்பது உயிர்ப் பிரச்சினை. முன்வரிசை அலைவரிசையில் வைத்தால் படம் பளிச். பின்னுக்குத் தள்ளினால் பழைய பெட்டிகளில் புள்ளி புள்ளியாக மழை பெய்யும், சிலவற்றில் சிக்கவே சிக்காது. அதை முடிவு செய்வது கண்ட்ரோல் ரூம். சென்னையிலும் பெரிய நகரங்களிலும் கருணாநிதியின் உறவினர்களான மாறன் குடும்பத்தின் சுமங்கலி கேபிள் விஷன் கையில் அது இருந்தது. மத்தியில் தொலைத்தொடர்பு அமைச்சர் அதே குடும்பத்தின் தயாநிதி மாறன். 2006 தொடக்கத்தில் கேபிள் நிறுவனங்களைக் கையகப்படுத்த ஜெயலலிதா அரசு மசோதா கொண்டுவந்தது. ஆளுநர் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவைக்க, அப்படியே முடங்கியது.

2007 மே 9. கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்று மாறன் குடும்பத்தின் தினகரன் கருத்துக்கணிப்பு வெளியிட்டது. மதுரை தினகரன் அலுவலகம் தாக்கப்பட்டு மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். நாலே நாளில் தயாநிதி பதவி விலகினார். செப்டம்பரில் கலைஞர் டிவி, கூடவே அரசு கேபிள் நிறுவனம். 2008 டிசம்பரில் கருணாநிதி குடும்பமும் மாறன் குடும்பமும் ஒன்று சேர்ந்தன. அரசு கேபிளும் சோர்ந்து படுத்தது. தமிழ்நாட்டின் கேபிள் கொள்கை ஒரு வீட்டுச் சண்டையோடு எழுந்து, அந்த வீட்டுச் சமாதானத்தோடு தூங்கப் போனது. முதலாளியின் செல்வாக்கு எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர்கள் வாக்குச்சாவடியை விட்டுவிட்டு இங்கே பார்க்க வேண்டும். மதுரையில் இறந்த மூவரின் வழக்கில் 2009-ல் எல்லாரும் விடுதலை. 2019-ல்தான் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

2011-ல் ஜெயலலிதா, அரசு கேபிளை எழுப்பி, மாதம் 70 ரூபாய் என்று அறிவித்தார். கண்ட்ரோல் ரூம் கை மாறியது, வழக்கம் மாறவில்லை. 2018-ல் கோவையில் நடந்த ஒரு விவாத நிகழ்ச்சிக்காகப் புதிய தலைமுறை மீது வழக்கு. அரசு கேபிள் வரிசையில் சானல் பின்னுக்குப் போனது. அந்தக் கேபிளைக் கையில் வைத்திருந்த அதிமுகவும் 2021-ல் தோற்றது.

புதுக்கோட்டை மாவட்டத்தின் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. அத்தனை சானல் வேன்களும் வந்தன. நினைத்தால் ஆட்சியையே இறக்கும் என்று சொல்லப்படுகிற ஊடகம் கூடி நின்று கத்தியும், சிபிசிஐடி குற்றப்பத்திரிகை வர 2025 ஜனவரி ஆனது. அதிலும் குற்றம் சாட்டப்பட்ட மூவர் அதே சமூகத்தைச் சேர்ந்தவர்கள். அம்மக்கள் அதை ஏற்கவில்லை. அதற்குள் வேன்கள் எப்போதோ கிளம்பிவிட்டன.

வேன் போன பிறகு ஊரில் மிஞ்சுபவர் தாலுகா நிருபர். பெரும்பாலும் பகுதிநேர வேலை, செய்திக்கு இவ்வளவு என்று சொற்பக் காசு. தீபாவளி, பொங்கல் மலர் வந்தால் விளம்பரம் பிடித்துத் தர வேண்டும். குன்றாண்டார்கோவில் மாதிரி ஒன்றியத்தில் விளம்பரம் தரக்கூடியவர் யார்? ஒன்றியத் தலைவர், ஊராட்சித் தலைவர், ரோடு காண்ட்ராக்டர், கல்குவாரிக்காரர். கண்மாய் மராமத்துப் பணத்தில் என்ன நடந்தது என்று எழுதினால் அடுத்த மலரில் அரைப்பக்கம் காலி. அவரிடம் போய் யாரும் மிரட்ட வேண்டியதில்லை, காசு நீட்ட வேண்டியதும் இல்லை. விளம்பரக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு, வாழ்த்துப் படத்தில் ஒன்றியத் தலைவர் பெயருக்கு முன்னால் அடைமொழி சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, பக்கத்தை அச்சுக்கு அனுப்பிவிடுவார்.